ரெண்டா இருந்தா நல்லது

ராமேஸ்வரம் வரைக்குமா தம்பி? அப்ப நல்லதாப் போச்சு. பரமக்குடியில இறங்கற ஆளா இருந்தா நான் ஆரம்பிச்சிருக்கவே மாட்டேன். பாதியில ஒருத்தர் இறங்கிப் போயிட்டா மீதிக் கதை எனக்கு நெஞ்சுக்குள்ளயே நின்னுக்கும். அடுத்து வர்றவருக்கு மறுபடி முதல்லேர்ந்து சொல்லணும்.

என் பேரு வேலாயுதம். மானாமதுரை. தபாலாபீஸ்ல இருந்து சப் போஸ்ட்மாஸ்டரா ரிட்டயர் ஆனவன். சர்வீஸ்ல இருக்கறப்ப நான் வாய் பேசாத ஆளுன்னு பேரு வாங்கினேன். கவுன்ட்டருக்கு உள்ள உக்காந்திருக்கறவனுக்குப் பேச எங்க நேரம்? அப்ப பேசாம சேர்த்து வச்சதையெல்லாம் இப்ப பஸ்ல வர்றவங்க தலையில கொட்டிக்கிட்டிருக்கேன். எங்க வீட்டம்மா கும்பிட்டுக் கேட்டுப் பார்த்துட்டா, வீட்டு விஷயத்தைப் பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட சொல்லாதீங்கன்னு. நான் கேக்கலை. கேக்காதது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, அதைத்தான் சொல்ல வர்றேன்.

அவ பேரு சௌந்தரவல்லி. தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்போம், அவ்வளவுதான் குடும்பம்.

போன வருஷம் மாசி மாசம்னு நினைக்கறேன். ஒரு நாள் காலையில அடுப்படியில நின்னுக்கிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னா, நின்னு போனது திரும்ப வந்திருக்குங்கன்னு. எனக்கு எது நின்னுச்சு எது வந்துச்சுன்னு விளங்கலை. கரண்டைச் சொல்றாளாக்கும்னு எந்திரிச்சுப் போயி சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன் தம்பி. ஃபேன் சுத்துச்சு. ஆமா வந்துருச்சுன்னு சொன்னேன். அவ கரண்டியைக் கீழ வச்சுட்டு, கரண்ட் இல்லைங்க, தீட்டுன்னா.

அவளுக்கு அது நின்னே பல வருஷம் ஆச்சு. அறுபதை நெருங்கிட்டா. நான் எதையாவது சொல்லணுமே, ஆம்பளையாச்சே. உடம்புச் சூடு, வெந்தயம் ஊற வச்சுக் குடின்னேன். தபாலாபீஸ்ல முத்திரை குத்திக்கிட்டிருந்தவனுக்கு இதுல என்ன தெரியும்னு நீங்க நினைக்கலாம். நானும் அதைத்தான் நினைக்கறேன், இப்ப. அவ பாவம், நான் சொன்னதுக்காகக் கொஞ்ச நாள் வெந்தயமும் குடிச்சா. அப்புறம் ஒரு நாள் சேலையை மாத்திக்கிட்டு வந்து நின்னு, மதுரைக்கு டாக்டர்கிட்ட போறேன், நீங்க வர்றீங்களா இல்ல வீட்டைப் பார்த்துக்கறீங்களான்னு கேட்டா. போனேன்.

ஸ்கேன் எடுத்தாங்க. உள்ளேயிருந்து கொஞ்சம் சதையைச் சுரண்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. முடிவு வந்த அன்னிக்கு டாக்டரம்மா முதல்ல அவளை மட்டும் உள்ள கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினாங்க. பொம்பளைங்க சமாசாரம், நாம எதுக்குன்னு நான் வெளியில செக்யூரிட்டிக்காரரோட பேசிக்கிட்டிருந்தேன். அவருக்குத் திருப்பாச்சேத்தி. நல்ல மனுஷன். அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. கர்ப்பப்பையோட உள்சுவர்ல புத்துநோய் இருக்கு, போதாததுக்கு இடது பக்கம் சினைப்பையிலயும் ஒரு கட்டி தெரியுது, எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடணும்னாங்க.

எனக்கு ஒண்ணு மட்டும் தெளிவாத் தோணுச்சு. அவளுக்குத் தெரியக் கூடாது.

"டாக்டரம்மா, அவகிட்ட இந்த வார்த்தையைச் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா"ன்னேன்.

அவங்க கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சுட்டு என்னையே பார்த்தாங்க. "நீங்க தாங்குவீங்களா?"

"நான் தாங்குவேம்மா"ன்னேன். சொல்றப்பவே மூக்கு ஒழுகிக்கிட்டிருந்துச்சு.

"சரி, நான் பார்த்துக்கறேன்"னாங்க. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தம்பி அத்தனை நாளும் ஓட்டினேன். நல்ல டாக்டர். கடைசி வரைக்கும் காட்டிக்குடுக்கலை.

வெளியில வந்து சௌந்தரத்துகிட்ட, வெறும் கட்டியாம், எடுத்துட்டா சரியாப் போயிருமாம்னு சொன்னேன். அவ என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் முந்தானையால என் முகத்தைத் துடைச்சுவிட்டு, வேர்த்திருக்குன்னா. அங்க ஏசி ஓடிக்கிட்டிருந்துச்சு. கட்டின்னா எடுத்துட்டாப் போச்சு, வாங்க, காப்பி குடிப்போம்னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனா. எவ்வளவு லேசா எடுத்துக்கிட்டா பாருங்க. வெகுளி.

மறைக்கறதுன்னா சும்மா இல்லை. அது ஒரு உத்தியோகம். ரிப்போர்ட்டையெல்லாம் பீரோவுக்கு மேல பழைய காலண்டருக்கு நடுவுல செருகி வச்சேன். அவ எடுத்தாலும் பயம் இல்லை, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. அவ ஆபீஸ்ல இங்கிலீஷும்தான் டைப் அடிச்சா, ஆனா படிச்சுப் பார்த்து அடிக்கறதில்லை, கை பாட்டுக்குப் போகும்னு அவளே என்கிட்ட சொல்லியிருக்கா. அந்தக் காலண்டர்ல தூசி மட்டும் எப்படியோ அடையாமலே இருந்துச்சு. சுத்தக்காரி.

அந்தச் சமயத்துல பார்த்து அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடிச்சுக்கிச்சு. எனக்குச் சமையல் கத்துக்குடுக்க ஆரம்பிச்சா. ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிருக்கு, நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கேன், இவ என்னை அடுப்பு முன்னாடி நிறுத்தி, சோறு வெந்துருச்சான்னு எப்படிப் பார்க்கறது சொல்லுங்கங்கறா. நான் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினா கை சுடுது. சிரிக்கறா. ரசத்துக்குப் புளி எவ்வளவுன்னு கேட்டா நெல்லிக்காய் அளவுங்கறா. பெரிய நெல்லிக்காயா அரிநெல்லிக்காயான்னு கேட்டேன். இத்தனை வருஷமா எதைத்தான் சாப்பிட்டீங்கன்னு கேட்டா. அதோட விட்டாளா? கேஸ் எப்படிப் பதியறது, மோட்டார் எப்பப் போடறது, எந்த டப்பாவுல எந்தப் பருப்பு. பால்காரம்மாவை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, இவருக்கு ஒண்ணும் தெரியாது, அப்பப்ப ஒரு பார்வை பார்த்துக்கன்னு சொல்றா, என்னை வச்சுக்கிட்டே. எனக்குக் கோபம் வந்துருச்சு. ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள்ல எந்திரிச்சுருவே, அதுக்கு எதுக்கு இந்தப் பாடுன்னு கத்தினேன். அவ சட்னிக்குத் தாளிக்கறது எப்படின்னு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சா. பொம்பளைங்களுக்கு எந்த நேரத்துல எது முக்கியம்னு தெரியறதில்லை தம்பி.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கர்ப்பப்பை, ரெண்டு சினைப்பை, எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. எடுத்ததை லேபுக்கு அனுப்பி, முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டாங்க. அங்கதான் சிக்கல்.

கர்ப்பப்பையிலயும் புத்து, சினைப்பையிலயும் புத்து. ரெண்டும் பார்க்க ஒரே ஜாதியா இருக்கு. ஒரு இடத்துல வந்தது இன்னொரு இடத்துக்குப் பரவியிருக்கா, இல்ல ரெண்டு இடத்துலயும் தனித்தனியா ஒரே சமயத்துல முளைச்சிருக்கான்னு இந்த லேப்ல அடிச்சுச் சொல்ல முடியலையாம். பரவினதா இருந்தா அது மூணாவது கட்டம். தனித்தனியா வந்ததா இருந்தா ரெண்டுமே முதல் கட்டம்.

எனக்கு முதல்ல புரியலை. ஒண்ணு இருந்தா மோசம், ரெண்டு இருந்தா நல்லதான்னு கேட்டேன். ஆமான்னாங்க. அதெப்படிம்மா, ஒரு திருடன் வந்தா மோசம், ரெண்டு திருடன் வந்தா சந்தோஷமான்னு கேட்டேன். ஒரே திருடன் ரெண்டு வீட்டுக்குள்ள பூந்துட்டான்னா அவன் ஊரையே சுத்தக் கிளம்பிட்டான்னு அர்த்தம், ரெண்டு பேர் தனித்தனியா வந்து அவங்கவங்க நுழைஞ்ச வீட்டுக்குள்ளயே இருக்கறப்ப பிடிச்சுட்டோம்னா கதை வேறன்னாங்க. அப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. ஒரே கையெழுத்துல ரெண்டு கவர் வந்திருக்கு. ஒரே ஆள் போட்டதா, வேற வேற ஊர்லேர்ந்து வேற வேற ஆள் போட்டதா? முத்திரையைப் பார்க்கணும். அப்படித்தானேம்மான்னேன். கிட்டத்தட்ட அப்படித்தான்னு சிரிச்சாங்க.

அந்த முத்திரையைப் பார்க்க மெட்ராஸ்ல ஒரு பெரிய லேப் இருக்காம். எடுத்த சதையைத் துண்டு துண்டா மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க. சின்னச் சின்ன வில்லை, சோப்புத் துண்டு மாதிரி. அதையும், அதுலேர்ந்து மெல்லிசாச் சீவிக் கண்ணாடிச் சில்லுல ஒட்டி வச்சதையும் அங்க அனுப்பணும். கூரியர்ல அனுப்பிடலாம்னு அந்த லேப்காரப் பொண்ணு சொல்லுச்சு. எனக்கு வந்துச்சே கோபம். சர்வீஸ்ல ஒரு பதிவுத் தபால் நான் தொலைச்சதில்லை. என் பொண்டாட்டி உடம்பை யாரோ ஒருத்தன் பைக்ல மூட்டையோட மூட்டையாத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறதா? நானே கொண்டு போறேன்னு வாங்கிக்கிட்டேன். நல்லா கவனிங்க. ஒரு பதிவுத் தபால் தொலைச்சதில்லைன்னு அந்தப் பொண்ணுகிட்ட வாய் கிழியப் பேசிட்டு வாங்கினேன்.

வீட்ல பென்ஷன் விஷயமா மெட்ராஸ் போறேன்னு சொன்னேன். அவ வயித்தைக் கையால பிடிச்சுக்கிட்டு மெதுவா எந்திரிச்சு வந்து, ஒரு மஞ்சப் பை எடுத்துக் குடுத்தா. அதுக்குள்ள ஒரு துண்டை மடிச்சுப் போட்டு, இதுக்கு நடுவுல வச்சுக்கிட்டா எதுவும் உடையாதுன்னா. பென்ஷன் பேப்பர் எங்க உடையப் போகுது? ஆனா எனக்கும் துண்டு தேவையாத்தான் இருந்துச்சு, பேசாம வாங்கிக்கிட்டேன்.

மதுரையில விடியக்காலம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்ல பீர் முகமதுன்னு ஒருத்தர். மேலூர்ல கண்ணாடிக் கடை வச்சிருக்கார், மூக்குக் கண்ணாடி. ஃபிரேம் எடுக்கப் பாரிமுனைக்குப் போறார். கொட்டாம்பட்டி வர்றதுக்குள்ள அவருக்கு வெந்தயம் வரைக்கும் சொல்லி முடிச்சுட்டேன். திருச்சி தாண்டறப்ப ஆபரேஷன். பெரம்பலூர்ல ஒரு திருடன், ரெண்டு திருடன். மடியில இருக்கற பையைக் காட்டி, இதுக்குள்ளதான் எங்க வீட்டம்மா இருக்கா, எழும்பூர்ல இன்ன லேப்ல கொண்டு போய்க் குடுக்கணும்னு எல்லாத்தையும் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். ஆனா முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, கவலைப்படாதீங்கண்ணேன்னுச்சு. பீர் முகமது மட்டும், இதெல்லாம் உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டார். தெரியாது, தெரிஞ்சா தாங்க மாட்டான்னேன். அவர் தாடியைத் தடவிக்கிட்டார்.

விழுப்புரம் தாண்டி ஒரு மோட்டல்ல பஸ்ஸை நிறுத்தினாங்க. பையை சீட்ல வச்சுட்டு, பாத்ரூம் போயிட்டு வந்தேன். டீ குடிச்சேன். டீ போட்டவருக்கும் கொஞ்சம் சொன்னேன்னு வச்சுக்கங்க. திரும்பி வந்து பஸ்ல ஏறினா என் சீட்ல ஒரு அம்மா உக்காந்து புளியோதரை சாப்பிட்டுக்கிட்டிருக்கு. இது என் சீட்டுங்கறேன். அது இல்லைங்குது. என் பையை எங்க வச்சீங்கன்னு நான் சத்தம் போட, அந்தம்மா கையில சோத்தோட எந்திரிச்சு நின்னு சண்டைக்கு வர, கண்டக்டர் வந்து என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பெரியவரே, உங்க பஸ் போயி ரொம்ப நேரமாச்சு, இது திருநெல்வேலி வண்டின்னார்.

நான் இறங்கி நின்னேன். ரோட்டைப் பார்த்தேன். எத்தனை பஸ் போகுது தம்பி அந்த ரோட்ல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.

இத்தனை நாள் அழாம இருந்தவன் அங்க, மோட்டல் வாசல்ல, ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டு ஓடிக்கிட்டிருக்கு, ஒரு சிமெண்ட் பெஞ்சுல உக்காந்து அழுதேன். ஒத்தைத் திருடனா ரெண்டு திருடனான்னு இனிமே தெரியவே போறதில்லை. டாக்டரம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? வெட்டி எடுத்தது எடுத்ததுதான், மறுபடி எங்கேயிருந்து எடுப்பாங்க? அவ என்னை நம்பி எதையுமே குடுத்ததில்லை, கரண்ட் பில் கூட அவதான் கட்டுவா. இது ஒண்ணைத்தான் என் கையில குடுத்தா. அதுவும் அவளுக்கே தெரியாம.

அப்ப போன் அடிச்சுது. அவதான். எடுக்கவே பயமா இருந்துச்சு.

"பை பத்திரமா இருக்குங்க"ன்னா. "பக்கத்து சீட்டுக்காரர் பேசினார், அசந்து தூங்கிட்டாராம், முழிச்சுப் பார்த்தா உங்களைக் காணோமாம். அதுல இருந்த பேப்பர்ல என் நம்பர் இருந்துச்சாம். நேரா லேப்ல கொண்டு போய்க் குடுத்துடச் சொல்லிட்டேன். நீங்க அவசரப்படாம அடுத்த பஸ்ல ஏறிப் போங்க. ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

டீ குடிச்சேன்னேன். டீ போதாது, ரெண்டு இட்லி சாப்பிடுங்கன்னா. வச்சுட்டா.

என்ன பைன்னு ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க. லேப்னு அவ வாயாலயே சொன்னா, நான் சொன்னது பென்ஷன் ஆபீஸ். அந்தப் பதட்டத்துல எனக்கு அது உறைக்கலை. பின்னாடி யோசிச்சுப் பார்த்தேன். பீர் முகமதுதான் உளறியிருக்கணும். பென்ஷன்ல ரத்த டெஸ்ட் ஏதோ கேக்கறாங்க போலன்னு அவ நினைச்சிருப்பா.

லேபுக்கு நான் போய்ச் சேர்றப்ப சாயங்காலம். பீர் முகமது அங்கேயே வாசல்ல உக்காந்திருந்தார். பையைக் குடுத்து ரசீதும் வாங்கி வச்சிருந்தார். எனக்காக அன்னிக்குப் பாரிமுனைக்கே போகலை. எப்படி இடம் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன். நீங்கதான் தெரு முதற்கொண்டு மூணு தடவை சொன்னீங்களேன்னார். வாய் பேசாதவனா இருந்தா என் கதி என்ன ஆயிருக்கும் பாருங்க. கிளம்பறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க வீட்டம்மா தைரியசாலிங்க. நீங்க பயந்துருவீங்களேன்னுதான் அவங்களுக்குக் கவலை"ன்னார். கட்டி ஆபரேஷன் செஞ்சுக்கிட்டதுக்கு இவ்வளவு பாராட்டான்னு எனக்கே கொஞ்சம் வேடிக்கையாத்தான் இருந்துச்சு.

முடிவு வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. நான் மட்டும்தான் போனேன். உள்ள போனதும் உக்காரச் சொன்னாங்க. "ரெண்டும் தனித்தனிதான். ரெண்டுமே ஆரம்ப நிலையில இருந்திருக்கு. இப்போதைக்கு மருந்து ஏத்த வேண்டியதில்லை. ஒழுங்கா செக்கப்புக்கு வந்தாப் போதும்."

நான் கும்பிட்டுட்டு வெளியில வந்தேன். என் செக்யூரிட்டிக்காரர் நின்னுக்கிட்டிருந்தார். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு கேன்சருய்யா, ஒண்ணு இல்லை, ரெண்டுன்னு சொல்லிச் சிரிக்கறேன். அங்க பெஞ்சுல உக்காந்திருந்தவங்க எல்லாம் நகர்ந்து உக்காந்தாங்க. ஒரு பொண்ணு அது பிள்ளையை இழுத்து மடியில வச்சுக்கிச்சு.

மானாமதுரைக்குத் திரும்பற வழியெல்லாம் ஒரே யோசனை. நல்ல செய்தியை எப்படிச் சொல்றது? கெட்ட செய்தியே சொல்லலையே. கெட்டது தெரியாதவளுக்கு இது எப்படி நல்லதாத் தெரியும்? கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சேன். வீட்டுக்குப் போனா முருங்கைக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கா. செருப்பைக் கழட்டிக்கிட்டே, சும்மா சொல்ற மாதிரி, அந்தக் கட்டி ஒண்ணு இல்லையாம், ரெண்டாம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையாம்னேன்.

அவ கை நின்னுச்சு. "டாக்டரம்மா சொன்னாங்களா, நீங்களாச் சொல்றீங்களா?"

"டாக்டரம்மாதான். சத்தியமா."

"ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போகலையே?"

"போகலை"ன்னேன்.

கீரையை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு பாத்ரூமுக்குள்ள போயிட்டா. குழாயைத் திறந்துவிட்டா. தண்ணி பாட்டுக்குக் கொட்டுது. ரொம்ப நேரம் கொட்டுது. டேங்க் காலியாயிரும் சௌந்தரம்னு கதவைத் தட்டினேன். வெளியில வந்தப்ப மூஞ்சியெல்லாம் ஈரம், கண்ணு சிவந்திருக்கு. சோப்பு பட்டுருச்சுன்னா. அப்புறம் போயிப் படுத்தா. மறுநாள் வெயில் வந்த பிறகுதான் எந்திரிச்சா. அவ அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. பயந்துபோய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். தூங்கட்டும், எழுப்பாதீங்கன்னாங்க.

அதுக்கப்புறம் செக்கப்புக்கு எத்தனையோ தடவை போயிட்டு வந்தாச்சு. போன வாரம் கூட எல்லாம் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்க. வெளியில வந்து நின்னவ, கடலைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு, ராமேஸ்வரம் போவோமான்னு கேட்டா. சாமி கும்பிடவான்னேன். இல்லை, சும்மா பார்க்கன்னா. அதுக்குத்தான் இப்ப போறோம்.

ஒண்ணு சொல்றேன் தம்பி, உங்ககிட்டதான் சொல்றேன். சில நேரம் எனக்கே தோணும், இவளுக்கு எல்லாம் தெரியுமோன்னு. கேட்டுறலாம்னு வாயெடுப்பேன். ஊர்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் பேசற இந்த வாய், அவகிட்ட அதை மட்டும் கேக்காது. கேட்டு, ஆமா தெரியும்னு சொல்லிட்டான்னு வைங்க. அப்ப அத்தனை நாளும் அவ ஒருத்தியாவே அதைத் தூக்கிச் சுமந்திருக்கான்னு ஆயிரும். பக்கத்துலயே நான் இருந்திருக்கேன், கட்டி கட்டின்னு சொல்லிக்கிட்டு. அதை என்னால தாங்க முடியாது. அதனால அவளுக்குத் தெரியாது. தெரியாதுன்னா தெரியாதுதான்.

அந்தா, முன்னாடி ஜன்னலோரம் நீலச் சேலை கட்டி உக்காந்திருக்காளே, அவதான். சேர்ந்தாப்ல ரெண்டு இடம் கிடைக்கலை. இந்த இரைச்சல்ல அவளுக்கு எங்க கேக்கப் போகுது.

திரும்பிப் பார்க்கறா பாருங்க. கையைக் காட்டிக் கூப்பிடறா. பாம்பன் பாலம் வந்துருச்சு போல. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க தம்பி, நான் அங்க போயி அவ பக்கத்துல நின்னுக்கறேன்.